ஏரிக்கார நடை

எங்கள் கேன்டீனில் காய் நறுக்கிக்கொண்டிருந்த ரத்னா இப்போது வேலைக்கு வருவதில்லை. "இன்னா திமிரு பாரு அவளுக்கு, சொல்லாம கொள்ளாம நின்னுட்டா" என்று சூப்பர்வைசர் சொன்னபோது, கையிலிருந்த கரண்டியாலேயே அவனுக்கு ஒன்று வைக்கலாம் போலிருந்தது. திமிராம்! அண்ணனை எங்காவது பத்திரமாக விட்டுவிட்டு ஒழுங்காக வேலைக்கு வரவேண்டும் என்று நாயாக அலைந்தவள் அவள். இப்போது வாய் பேசாமல் கிடக்கும் அந்த அண்ணனுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

அண்ணன் பெயர் வரதன். பழவேற்காடு ஏரியில் வலை போட்டவர். அப்பா அம்மா சீக்கிரமே போய்விட, தங்கையை வளர்த்துக் கட்டிக் கொடுத்தவர் அவர்தான். தனக்கென்று ஒரு கல்யாணத்தை யோசிக்கவே இல்லை. ரத்னாவின் புருஷன் செத்த பிறகு, பை நிறைய இறாலோடு அடிக்கடி கும்மிடிப்பூண்டி வந்துவிடுவார். எனக்கும் பங்கு உண்டு. நான் உரிக்கிற லட்சணத்தைப் பார்த்து, "இன்னாம்மா, கம்பெனிக்கே சோறாக்குற, ஒரு எறா உரிக்கத் தெர்லியா?" என்று கிண்டல் செய்வார்.

அவருக்குத்தான் ஸ்ட்ரோக் வந்தது. கை தேறிவிட்டது, வலது கால் தேறவில்லை. இழுத்து இழுத்து நடந்தார். படகில் இனி யார் ஏற்றுவார்கள்? ரத்னா தன் ரூமுக்கே கூட்டி வந்துவிட்டாள். மாடியில் ஒற்றை ரூம். அவள் ஷிப்டுக்குப் போனால் பார்க்க ஆளில்லை. ஒருநாள் பாத்ரூமில் விழுந்தவர், அவள் திரும்பி வரும்வரை ஈரத்திலேயே கிடந்தார். மறுநாளே ஹோம் தேட ஆரம்பித்தாள். லீவு கிடைத்தபோதெல்லாம் நானும் கூடப் போனேன்.

திருவள்ளூரில் பார்த்த ஹோமில் தோட்டமெல்லாம் இருந்தது. கட்டணத்தைக் கேட்டதும் அவர்கள் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தோம். மீஞ்சூரில் அட்வான்ஸ் கேட்டே ஆளை விரட்டினார்கள். பொன்னேரி பக்கம் ஒரு இடத்தில் எல்லாம் இலவசம். ஆனால் சொந்தம் என்று யாருமே இல்லாதவர்களுக்கு மட்டும்தான்.

"யாருமில்லன்னு ஒரு கையெழுத்து போட்டுடும்மா. நாங்க ஒண்ணும் தோண்டித் துருவ மாட்டோம்" என்றார் அங்கிருந்தவர். பாவம், நல்ல மனசோடுதான் சொன்னார்.

ரத்னாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "குத்துக்கல்லாட்டம் நான் நிக்கிறேன். எங்கண்ணனுக்கு யாருமில்லன்னு எழுதுவேனா?" என்று விடுவிடுவென்று வெளியே வந்துவிட்டாள். அந்தப் பொய்யைச் சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

கடைசியில் கவரைப்பேட்டையில் ஜானகியம்மாள் நடத்தும் ஹோம் அமைந்தது. வாடகை வீடுதான், ஆனால் பளிச்சென்று இருந்தது. மீன் குழம்பும் உண்டு. கட்டணம் ரத்னாவின் சம்பளத்துக்குள் அடங்கியது. ஒரே ஒரு நிபந்தனை, தானாக நடக்கிறவராக இருக்க வேண்டும். கைத்தாங்கல் வேண்டுமென்றால் தனி ஆள் போட வேண்டும், கட்டணம் இரண்டு மடங்கு.

அண்ணனை ஆட்டோவில் கூட்டிப்போனோம். வாசலில் இறங்கி நடந்தார். வலது கால் தரையோடு தேய்ந்தது.

"இன்னாம்மா, கால இழுக்குறாரே?" என்றார் ஜானகியம்மாள்.

ரத்னாவுக்கு எங்கிருந்துதான் அந்த வார்த்தை வந்ததோ! "அது ஒண்ணுமில்லம்மா. நாங்க ஏரிக்காரங்க. தண்ணில கால தூக்கி வச்சா திருக்கை மீனு மேல மிதிச்சிடுவோம், வாலு முள்ள ஏத்திடும். அதான் அடிமண்ண தேய்ச்சிக்கினே நடப்போம். சின்ன வயசுலேர்ந்து பழக்கம், தரையிலயும் அதே நடதான்."

ஏரியில் அப்படி நடப்பது நிஜம். தரையிலும் அப்படி நடப்பார்கள் என்பதுதான் பொய். வரதன் தங்கையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே இரண்டு காலையும் தேய்த்து நாலு அடி வைத்தார். "இன்னி வரிக்கும் ஒரு முள்ளு குத்துனது இல்லம்மா!" ஜானகியம்மாளும் சிரித்துவிட்டார். அண்ணனுக்கு இடம் கிடைத்தது. ஸ்ட்ரோக் மாத்திரைகளை பிரஷர் மாத்திரை என்று சொல்லிக் கொடுத்தாள் ரத்னா.

"அடி கைகாரி!" என்றேன் ஆட்டோவில். அவள் சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள்.

சில மாதம் நன்றாகவே போயிற்று. ஹோமில் எல்லோருக்கும் அவர் 'ஏரிக்காரர்'. தங்கை பேச்சு பொய்யாகிவிடக் கூடாதென்று, யார் பார்த்தாலும் இரண்டு காலையும் தேய்த்தே நடந்தாராம் அந்த மனுஷன். கை கொடுக்க வந்தவர்களையும் வேண்டாமென்று சொல்லிவிடுவாராம்.

ஒருநாள் காலை நாஷ்டாவுக்கு அவர் எழுந்திருக்கவில்லை. போன் வந்ததும் கத்தியைப் போட்டுவிட்டு ரத்னா ஓடினாள், பின்னாலேயே நானும் ஓடினேன். ஆஸ்பத்திரியில் வரதனின் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. சத்தம் வந்தது, பேச்சு வரவில்லை. மறுபடி ஸ்ட்ரோக், இந்த முறை இடது பக்கம் என்றார் டாக்டர்.

"திடீர்னு வந்த மாதிரி தெரியல. முன்னாடியே கால் இழுத்திருக்குமே, யாரும் கவனிக்கலையா?"

"அது அவரு பழக்கம் டாக்டர்" என்றார் ஜானகியம்மாள், வெள்ளை மனசோடு. "ஏரிக்காரரு, திருக்கைக்கு பயந்து தேய்ச்சிதான் நடப்பாரு. ரெண்டு நாளா கொஞ்சம் ஜாஸ்தியா தேய்ச்சாரு, செவுத்த புடிச்சிக்கினு போனாரு. ஏரில தண்ணி ஏறிடுச்சான்னு நாங்க கூட கிண்டல் பண்ணோம்."

"ரெண்டு நாளா? அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா பேச்சையாவது காப்பாத்தப் பார்த்திருக்கலாமேம்மா!"

ரத்னா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பொய்யி சார்" என்றாள். "பழக்கம் இல்ல சார் அது. நான் சொன்ன பொய்யி. என் நாக்கு அழுகிப் போவ, நான் சொன்ன பொய்யி."

எதற்கெடுத்தாலும் சண்டைக்குப் போகிற எனக்கு, அன்று திட்டுவதற்கு அங்கே ஒரு ஆள்கூட இல்லை. ஜானகியம்மாள் ரத்னாவுக்குப் பக்கத்தில் மெல்லக் குனிந்தார். அவர் கண்ணும் நிறைந்திருந்தது.

"வந்த அன்னிக்கே வாசல்ல நான் கேட்டனேம்மா" என்றார்.