பன்வேல் வரை ஒரு தூக்கம்

என் மகளைத் தூங்க வைப்பதற்காக நான் ரயில் பாஸ் எடுத்தேன். செம்பூரிலிருந்து பன்வேல் வரை, போக வர. பன்வேலில் எங்களுக்கு வேலையும் இல்லை, சொந்தமும் இல்லை. பகலில் அவள் ரயிலில்தான் தூங்குவாள், அவ்வளவுதான்.

மனைவி மறுபடி ஆபீஸ் போகத் தொடங்கியிருந்தாள். தாராவியில் இருக்கும் எங்கள் பைத் தையல் பட்டறையைத் தம்பியிடம் விட்டுவிட்டு நான் வீட்டில் இருந்தேன். காலையில் கதவு சாத்தினால் சாயங்காலம் வரை எட்டு மாதக் குழந்தை ஒன்று, நாற்பத்தேழு வயதுக் குழந்தை ஒன்று. வாடகை வீடு, தொட்டில் கட்டக் கொக்கி அடிக்கக் கூடாதென்று ஓனர் கட்டளை. தோளில் போட்டு நடந்தால் கண்ணை மூடுவாள், கட்டிலில் விட்டால் திறப்பாள். தப்பித் தவறித் தூங்கிவிட்டால் எனக்குப் பொறுக்காது. மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைப்பேன். அப்போதும் சந்தேகம் தீராமல் காலை அசைத்துப் பார்ப்பேன். தான் உயிரோடு இருப்பதை அவள் நாலு மாடிக்கும் கேட்கும்படி தெரிவிப்பாள்.

அழுகை நிற்காத ஒரு மத்தியானம், பழுதான சரக்கைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவன்போல, வாஷியில் இருக்கும் மனைவியின் ஆபீஸுக்கே அவளைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினேன். கோவண்டி வருவதற்குள் தூங்கிவிட்டாள். இறங்கினால் விழித்துவிடுவாளே என்று பன்வேல் வரை போனேன். மறுநாளும் போனேன்.

மாஹிமில் மசாலாக் கடை வைத்திருக்கும் ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சரக்கு எடுக்க அதே வண்டியில் வருவார். முதல் நாளே எதிரில் உட்கார்ந்து கேட்டார்:

“பேத்தியா வே?”

“மவ வே.”

என் நரையை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். “வீட்ல தூங்கமாட்டாளாக்கும்?”

“வீட்ல கண்ணை மூடமாட்டேங்கா.”

“நல்லா வளக்கீரு. நாளைக்குக் கட்டிக் குடுக்கும்போது வாசல்ல தண்டவாளம் போட்டிருக்கான்னு கேட்டுல்லா குடுக்கணும்.”

நான் சிரித்த சிரிப்பில் குழந்தை நெளிந்தது. “மெதுவா சிரியும் வே,” என்று அதட்டினார்.

முப்பது வருடமாக இந்த ஊர் ரயிலில் போகிறேன். தள்ளு, இறங்கு என்பதைத் தவிர யாரும் என்னிடம் எதுவும் பேசியதில்லை. நெஞ்சில் பிள்ளையைக் கட்டிக்கொண்டதும் எல்லோருக்கும் நான் மனிதனாகத் தெரிந்தேன். கடலை விற்பவன்கூட என் பெட்டியில் குரலைத் தாழ்த்தினான். வீட்டிலோ, மிக்ஸி ஓடும்போதுதான் யாரோ இருப்பதுபோல இருக்கும்.

சட்டை துவைக்கப் போட்டபோது மனைவி கையில் பாஸ் சிக்கியது.

“நீங்க எந்த ஆபீஸ் போறிய?”

“நான் போகல. மேடம் தூங்கப் போறாவ.”

அவள் சிரிக்கவில்லை. “அடுத்த மாசம் க்ரெச்சுல சேக்கணும். கட்டில்ல தானாத் தூங்குற பிள்ளையத்தான் சேப்போம்னு அந்தம்மா சொல்லிட்டாங்க. அங்க ரயிலா விடுவாங்க? சேக்கலைன்னா யாராவது ஒருத்தர் வேலைய விட்டுட்டு உக்காரணும். அது நாந்தான்னு உங்களுக்கும் தெரியும்.”

எனக்கும் தெரியும். சீசன் வருகிறது, பட்டறைக்கு வா என்று தம்பி கத்திக்கொண்டிருந்தான்.

அவள் போட்ட சட்டம் எளிமையானது. “கண்ணைக் கசக்குனா திரைய இழுங்க. தெனம் ஒரே பாட்டு. கண்ணு சொருகும்போதே படுக்க வச்சுட்டு வெளிய வந்துருங்க. தூங்குனதுக்கு அப்புறம் வைக்காதிய, முழிச்சா இடம் தெரியாமப் பயந்து உங்களைத்தான் தேடுவா.”

எனக்குத் தாலாட்டு தெரியாது. செம்பூர், கோவண்டி, மான்குர்த் என்று ராகம் போட்டு இழுத்தேன். படுக்க வைத்தேன், வெளியே வந்தேன், அழுகை கேட்டதும் தீயணைக்கப் போகிறவன்போல உள்ளே பாய்ந்து தூக்கினேன். அன்றைக்குத் தோற்றேன். அடுத்த நாளும் தோற்றேன். பிறகு தூக்காமல் குனிந்து தட்டிக்கொடுக்கக் கற்றேன். அதன்பின் சிணுங்கலுக்கும் அழுகைக்கும் வித்தியாசம் கேட்டது. சிணுங்கினால் கதவுக்கு வெளியே நின்றேன். மகளுக்கு என்னைவிடச் சீக்கிரம் புரிந்தது. அவள் பிரச்சினை தூக்கம் மட்டும்தான்.

ஒரு மத்தியானம் சிணுங்கல் தானாகத் தேய்ந்து நின்றது. மூக்கருகே வைக்கத் துடித்த விரலை மடக்கிக்கொண்டு கதவை லேசாகத் திறந்தேன். மல்லாந்து படுத்திருந்தாள், ஒரு கை காதருகே, வயிறு ஏறி இறங்கியது. சாத்தினேன்.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும். மனைவிக்குப் போன் போட்டேன், மீட்டிங், கட் செய்தாள். தம்பி எடுத்தான். மெஷின் சத்தத்தில், “என்னது? பொறவு பேசுதேன்” என்று வைத்துவிட்டான். மசாலாக்காரரின் நம்பரை நான் வாங்கியதே இல்லை. இண்டர்காமில் கீழே இருந்த வாட்ச்மேனைக் கூப்பிட்டு, குழந்தை கட்டிலில் தானாகத் தூங்கிவிட்டது என்று இந்தியில் சொன்னேன்.

“அதுக்கு நான் என்ன செய்யணும் சாப்?” என்று இந்தியில் கேட்டார்.

ஒன்றும் வேண்டாம் என்றேன். ஆனால் வைக்கவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். ஆயிற்றாம். நீங்கள், என்றார். இல்லை என்றேன். அப்படியானால் இப்போதே சாப்பிடுங்கள், எழுந்துவிட்டால் முடியாது, என்றார். இல்லை, நன்றாகத் தூங்குகிறாள், அவசரமில்லை, என்று இன்னும் கொஞ்சம் பேசினேன்.