ஜெபக் குறிப்புன்னு நான் சொன்ன சேதியும் ஞானம்மா அக்கா கேட்ட கேள்வியும்

புதன்கெழம காலையில மந்தாரக்குப்பம் மார்க்கெட்டுல கீரை வாங்கிக்கினு இருந்தேன். போன் வந்திச்சி. ஞானம்மா அக்கா மவ பிரமிளா. "சித்தி, அம்மா எந்திரிக்கவே இல்ல"ன்னு அழுவுறா. கீரைய அங்கியே வுட்டுட்டு ஆட்டோ புடிச்சி ஓடனேன். அக்கா தூக்கத்துலியே போயிட்டாங்க.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். ஞானம்மா அக்கா ரொம்ப வருஷம் கம்பெனி கேன்டீன்ல அண்டா கழுவுனவங்க. குரலு பெருசு, பேச்சும் காரம். சபைக்கு வந்த புதுசுல பாஸ்டரம்மா, "அக்கா, கொஞ்சம் மெதுவா பேசக் கூடாதா?"ன்னாங்க. "மெதுவா பேசனா சாமிக்குக் கேக்கும்மா. கேன்டீன்ல ஒருத்தருக்கும் கேக்காது"ன்னாங்க அக்கா.

என்னை ஒருத்தரும் கொறை சொன்னதில்ல. ஸ்தோத்திரம் சொல்லாம நான் பேச்சே ஆரம்பிக்க மாட்டேன்.

வெள்ளிக்கெழம எங்க பெண்கள் ஜெபம் கம்பெனி குவார்ட்டர்சுல வூடு வூடா நடக்கும். ஆளாளுக்கு ஜெபக் குறிப்பு சொல்லுவோம். மவனுக்கு வேல, மாமியாருக்கு மூட்டுவலி, இப்பிடி. எட்டு வருஷத்துக்கு முந்தி ஒரு வெள்ளிக்கெழம நான் சொன்னேன்: "விஜயா வூட்டுக்காரருக்காக ஜெபிங்க. குடிச்சிட்டு பஸ் ஸ்டாண்டுல வுழுந்து கெடந்தாரு. நானே பாத்தேன்." விஜயா அன்னிக்கி வரல. எல்லாரும் உச்சுக்கொட்டி ஜெபிச்சாங்க.

அந்த மனுசன் குடிக்கவே இல்ல. சக்கர வியாதிக்காரரு. ரெண்டு ஷிப்ட் சேந்தாப்புல பாத்துட்டு சாப்பிடாம வந்து மயங்கிட்டாரு. நான் கிட்ட போயிகூட பாக்கல.

ரெண்டே வாரத்துல அந்தப் பேச்சு குள்ளஞ்சாவடி போயிடுச்சி. அங்கதான் விஜயா மவளுக்கு எடம் பேசி வெச்சிருந்தாங்க. "குடிகாரன் வூட்டுப் பொண்ணு வாணாம்"னு நிறுத்திட்டாங்க.

அக்கா எங்க வூட்டுக்கு வந்தாங்க. உக்காரச் சொன்னேன், உக்காரல.

"சரோஜா, விஜயா வூட்டுக்காரருக்காக நீ ஒருநாளாவது தனியா முட்டி போட்டியா?"

"இல்லக்கா."

"அப்ப அது ஜெபமா, சேதியா?"

அக்காவே மேல சொன்னாங்க:

"உள்ள எது ரொம்பி இருக்குதோ அதான் வாயில வழியும்னு இயேசு சாமி சொல்லிக் குடுத்தாரு. உன் உள்ள என்னா ரொம்பி இருந்திச்சி? சரி, கெளம்பு."

பஸ் ஏத்தி குள்ளஞ்சாவடிக்கே கூட்டிக்கினு போனாங்க. மாப்பிள்ளையோட அம்மா கேட்டாங்க, "அவரு குடிச்சத பாத்தீங்களா?"

"வுழுந்து கெடந்ததத்தாம்மா பாத்தேன்."

"அப்பறம் ஏன் குடிச்சாருன்னு சொன்னீங்க?"

அக்கா என்னையே பாத்துக்கினு இருந்தாங்க. "சொல்றதுக்கு ருசியா இருந்திச்சிம்மா"ன்னேன். என் வாயில அதுக்கு முன்ன அப்பிடி ஒரு உண்ம வந்ததில்ல.

காபி குடுத்து, யோசிச்சி சொல்றோம்னு அனுப்பிட்டாங்க. அடுத்த மாசமே வேற பொண்ணு எடுத்துட்டாங்க.

அன்னிக்கி குள்ளஞ்சாவடிலேருந்து திரும்பும்போதே விஜயா வூட்டுக்குப் போயி மன்னிப்பு கேட்டேன். விஜயா சொன்னா: "மன்னிச்சிட்டேன்னு வாயால சொல்லிடலாங்க்கா. மனசுல வரலயே. வந்தா சொல்றேன்."

ரோட்டுல வரும்போது எனக்கு ஆத்தாமை. "என்னாக்கா, ஞானஸ்நானம் எடுத்தவ இப்பிடி பேசறா?"

"அவ ஒழுங்காத்தான் பேசறா. நீ அவளாண்ட கத்துக்க"ன்னாங்க அக்கா.

அதுலேருந்து ஜெபத்துல யாரு அடுத்தவங்க பேர எடுத்தாலும் அக்கா உடனே, "அவங்களாண்ட கேட்டுக்கினியா?"ம்பாங்க. எங்க ஜெபம் அரமணி நேரம் முன்னாடியே முடிய ஆரம்பிச்சிடுச்சி.

விஜயா மவள அப்பறம் விருத்தாசலம் பக்கம் கட்டிக் குடுத்தாங்க. ரெண்டு புள்ளைங்க, நல்லா இருக்கா. ஆனா விஜயா என்னாண்ட ஒரு ஸ்தோத்திரத்தோட சரி. எட்டு வருஷம்.

வியாழக்கெழம அக்காவ அடக்கம் பண்ணோம். குழியாண்ட நிக்கறேன், பக்கத்துல யாரோ வந்தாங்க. பாத்தா விஜயா. கையில அள்ளுன மண்ணுல பாதிய என் கையில போட்டா.

"சரோஜாக்கா, அது இன்னும் முழுசா வரல. போன மாசங்கூட ஞானம்மாக்கா கேட்டாங்க, வந்துதான்னு. இப்ப வர்ற மாதிரி இருக்குது."

"வரும்போது சொல்லு விஜயா. எனக்கு அவசரமில்ல"ன்னேன். வேற என்னமோ சொல்ல நெறைய வந்திச்சி, சொல்லல.

ரெண்டு பேரும் ஒண்ணா மண்ணு போட்டோம்.

அக்கா, நீங்க கர்த்தராண்ட எளைப்பாறுங்க. நாங்க பொறவால வரோம்.