டிஸ்க் வேகம் கூட்டப் போன இடத்தில்

டிஸ்க் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் சொல்வது இரண்டே வாக்கியம்: "ஸ்லோவா இருக்கு", "நேத்து நல்லாத்தானே இருந்துச்சு". கணினியோடு மாரடிக்கும் சகபாவிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ நடத்தும் ஜெசிந்தா அக்காவை மட்டும் அறிமுகப்படுத்துகிறேன். அங்கே மூன்று சர்வர் பெட்டிகள் கூட்டாக ஒரே சேமிப்பகமாக ஓடுகின்றன. எந்த வீடியோவானாலும் இரண்டு பெட்டிகளில் இரண்டு நகல் இருக்கும்.

அழுத்தாத பட்டன்

படம் திக்குகிறது என்றார் எடிட்டர் தினேஷ். காத்திருக்கும் வேலைகளை டிஸ்க் எந்த வரிசையில் எடுக்க வேண்டும் என்ற அமைப்பை மாற்றி எழுதினேன். சேமிப்பதற்குள் ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் எங்கள் ஆபீசிலிருந்து ஃபோன். வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தால் தினேஷ் முகமெல்லாம் சிரிப்பு, படம் பறக்கிறதாம். நான் அப்போதுதான் சேமித்தேன். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார்: "அண்ணே, இப்ப திரும்ப ஸ்லோ ஆன மாதிரி இருக்கு. முன்னாடி வச்சதே இருக்கட்டும் லா."

முறை வைத்து லீவு

புகார் நிற்கவில்லை. பெட்டிகள் தினமும் எதையோ மும்முரமாக நகலெடுத்துக்கொண்டே இருந்தன. நகலெடுக்கும் வேகத்தைக் குறைத்தேன், கேஷ் நினைவகத்தைக் கூட்டினேன், பலனில்லை. நேரில் போய்ப் பார்த்தால் ஒரு பெட்டி அணைந்து கிடக்கிறது. அணைத்தது அக்கா. தினம் ஒன்றுக்கு ஓய்வாம்.

ஒன்று காணாமல் போனதும் மற்ற இரண்டும் அது செத்துவிட்டதென்று பயந்து, அதிலிருந்ததையெல்லாம் மறுபடி நகலெடுக்கும். மறுநாள் அது எழுந்து வரும், இன்னொன்று படுத்துவிடும். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. விளக்கிச் சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மனுஷனுக்கே ஆஃப் டே இருக்கு தம்பி. மெஷின் வாய் திறந்து கேக்கலன்னு குடுக்காம இருக்கலாமா?" என்றார்.

எல்லோரும் சாப்பிடப் போங்கள்

பிறகு நிஜமாகவே ஒரு டிஸ்க் செத்தது. போன வாரம் ரவாங் கோயிலில் நடந்த கல்யாணம் அதில்தான் இருந்தது. கேமரா கார்டுகளை ஏற்கெனவே துடைத்துவிட்டார்கள். மிச்சம் ஒரே நகல், அதுவும் செத்த டிஸ்க்கின் வயதேயான இன்னொரு டிஸ்க்கில். அன்று மாலையே அந்த ஜோடிக்குக் கிள்ளான் மண்டபத்தில் விருந்து, அங்கே படம் ஓடியாக வேண்டும். எடிட்டிங்குக்கு வேகம் கொடுத்தால் நகல் நகராது. அதற்குள் மிச்ச டிஸ்க்கும் போனால், தாலி கட்டியதை ஜென்மத்துக்கும் பார்க்க முடியாது.

அக்கா யோசிக்கவே இல்லை. தினேஷையும் மற்றவர்களையும் நாற்காலியிலிருந்து எழுப்பி வாழையிலைச் சாப்பாட்டுக்கு அனுப்பினார். நான் முழு வேகத்தையும் நகலுக்குத் திருப்பிவிட்டு, திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அக்கா அப்போதும் ஃபோனில் கல்யாணப் பெண்ணைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்: "இன்னிக்குத்தான் மாப்பிள்ளை நேர்லயே நிக்கப் போறாருல்லம்மா, அவரைப் பாரு. வீடியோ நாளைக்கு வரும்."

இத்தனை வருடமாக நான் மாற்றிப் பார்த்த அமைப்புகளில் சொன்னபடி வேலை செய்தது ஆட்களைச் சாப்பிட அனுப்பியது ஒன்றுதான், அதைச் செய்ததும் நான் இல்லை.