காதைப் பொத்திக்கொண்டு வந்த கவிதா

எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம். அந்த விண்கலத் தொடரை நானும் என் மனைவி கவிதாவும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும். இதுவரை ஆறு எபிசோட் பார்த்திருக்கிறோம்.

இன்று மாலை தாம்பரத்தில் மாடம்பாக்கம் பஸ் ஏறினோம். முன்சீட்டில் இரண்டு காலேஜ் பையன்கள் அதே தொடரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"தம்பி, நாங்க இன்னும் முழுசா பாக்கல. கதைய சொல்லிடாதீங்க" என்று சொல்லிவிட்டு, கவிதா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

அவர்கள் குரலைத்தான் குறைத்தார்கள்.

"ஆக்சிஜன் டேங்க் வெடிச்சப்புறம் டாக்டர் எப்படி மச்சான் உயிரோட இருந்தா? கதையில பெரிய ஓட்டை!"

ஓட்டையே இல்லை. நானும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். சேலையூர் சிக்னலில் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"செடி வளர்க்கிற ரூம்ல ஒளிஞ்சிருந்தாப்பா. அங்க காத்து இருக்குல்ல?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. அது ஒன்பதாவது எபிசோட்.

கவிதா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். கண்ணை எடுக்கவில்லை. சிக்னலும் விழுவதாக இல்லை.

பையன் விடவில்லை. "அந்த ரூம்தான் எரிஞ்சு போச்சே சார்!"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எரிஞ்சது முன்னாடி ரூம்பா. பின்னாடி இன்னொன்னு இருக்கு" என்றாள் கவிதா, காதிலிருந்து கையை எடுக்காமலே.

மாடம்பாக்கத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்தோம்.

சாப்பிட்டதும் ஏழாவது எபிசோட் பார்க்கிறோம். யார் நன்றாக அதிர்ச்சியடைந்த மாதிரி நடிப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?