மூன்று மூட்டை குறைந்த கிடங்கு

அன்று கிடங்கில் இருந்தவர்கள் ஐந்து பேர். முதலாளி, பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மூவர், கிடங்கைப் பார்த்துக்கொண்ட நான். லாரி ஓட்டுநர் வாசலோடு நின்றுவிட்டார். அவரைச் சேர்க்க வேண்டாம்.

மூவரில் ஒருவர் பொருளாதாரம், இன்னொருவர் எஞ்சினியர், மூன்றாமவர் மனிதர்களைப் பற்றிப் படித்தவர். மனிதர்களைப் பற்றித் தனியாகப் படிக்க வேண்டியிருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். உலகத்தில் எங்கோ ஒரு துறைமுகம் மூடிக்கொண்டால் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடை எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? எண்பதுகளின் தொடக்கத்தில் மூன்று படிப்பும் ஒன்றுகூடி இதைத்தான் ஆராய்ந்தன. என்னைக் கேட்டிருந்தால் தேநீர் ஆறுவதற்குள் சொல்லியிருப்பேன். மழை பெய்தால் சரக்கு நனையுமோ, பெய்யாவிட்டால் ஊரில் விளையாதோ என்று இரண்டுக்கும் பயப்படுகிறவன் நான்.

கடை தாக்குப்பிடித்தது கைமாற்றால். இரண்டு தெரு தள்ளி இன்னொரு மளிகைக் கடை இருந்தது. கோயில் திருவிழாக் கமிட்டியில் யார் தலைவர் என்ற சண்டையில் இரண்டு முதலாளிகளும் முகம் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்கள். அந்தக் கடையின் கிடங்குக்காரர் கத்தோலிக்கர். கோயில் சண்டை அவருக்கு எதற்கு? எங்கள் சரக்கு தாமதமானால் அவர் மூட்டை கொடுப்பார், அவர்களுடையது தாமதமானால் நான் கொடுப்பேன். முதலாளிகள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் மத்தியான வேளையில், பின்சந்து வழியாக. காசு இல்லை, சீட்டு இல்லை, மூட்டைக்கு மூட்டை.

அந்த வாரம் அவர்களுடைய கண்டெய்னர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. மூன்று மூட்டைத் துவரம்பருப்பு கொடுத்திருந்தேன். மனிதர்களைப் படித்தவர், மூவரும் கிடங்குக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்பு, என்னைக் காப்பிக் கடைக்கு அழைத்துப்போய்த் துருவித் துருவிக் கேட்டிருந்தார்.

"சும்மா சொல்லுங்கண்ணே. பேரு, கடை எதுவும் வெளிய வராது. சீக்ரெட் லா."

"மொதலாளிக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும் சார்."

"அவருக்கு எப்படிண்ணே தெரியும்?"

சொல்லிவிட்டேன். பயந்தவனுக்கு வாய் நிற்காது.

அன்று கிடங்கில் எஞ்சினியர் பருப்பு மூட்டைகளை எண்ணினார். கணக்குப் புத்தகத்தில் நாற்பது. "தெர்ட்டி செவன்" என்றார். மறுபடி எண்ணச் சொன்னார் முதலாளி. முப்பத்தேழுதான். முதலாளி மூட்டைகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"எங்கய்யா மூணு? வித்துத் தின்னுட்டியா?"

பேசாமல் நின்றால் திருடன், பேசினால் துரோகி. இரண்டிலும் வேலை போகும். வீட்டுத் தவணை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான் ஓடின. அப்போதுதான் மனிதர்களைப் படித்தவர் என் தோளில் கைபோட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"திருட்டு இல்ல சார்! பின்சந்து வழியா அடுத்த கடைக்குக் கடன் குடுத்திருக்காரு. இது ஒரு நெட்வொர்க். இதத்தான் சார் நாங்க மாசக்கணக்கா தேடிக்கிட்டு இருந்தோம்!"

பொருளாதாரம் உடனே எழுதிக்கொண்டது. எஞ்சினியர் சந்து எத்தனை மீட்டர் என்று கேட்டார்.

"எந்தக் கடை?" என்றார் முதலாளி. பதில் அவருக்கே தெரியும். "அவன் கடையில பருப்பு இல்லாம நாறட்டும்னு நான் காத்துக்கிட்டிருக்கேன். நீ முதுகுல சுமந்துட்டுப் போய்க் குடுத்தியா? பெரிய வள்ளல் லா நீ!"

வேலையை விட்டுத் தூக்கவில்லை. கருணை ஒன்றுமில்லை, அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைக்கமாட்டான். மூட்டைக்கு ஐம்பத்தெட்டு வெள்ளி, மாதம் ஒரு மூட்டையாக என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.

மூன்றாம் நாளே பருப்பு திரும்பி வந்தது, அதே தரத்தில், சந்து வழியாக. அதை வாங்கி அடுக்கச் சொன்னார், விற்றார்.

"மொதலாளி, மூட்டைதான் வந்துடுச்சே. அந்தப் பிடித்தம்..."

"பாப்போம், பாப்போம்."

அடுத்த ஆண்டு தீபாவளிக்கு முன் எங்கள் சரக்கு மாட்டிக்கொண்டது. முதலாளி என் பக்கத்தில் வந்து, கூரையைப் பார்த்தபடி, "அந்தச் சந்துப் பக்கம் யாரையாவது கேட்டுப் பாரேன்" என்றார்.

போனேன். கத்தோலிக்கர் வயிறு குலுங்கச் சிரித்தார். "உங்க மொதலாளியே அனுப்பினாரா? ஆண்டவரே! எங்காளுக்குத் தெரிய வேண்டாம்ணே. எத்தனை மூட்டை?"

அந்தத் தீபாவளிக்குக் கடையில் எதற்கும் தட்டுப்பாடு வரவில்லை.

பிறகு அந்த மூவரின் ஆராய்ச்சி அறிக்கை வந்தது, பளபளப்பான அட்டையோடு. உயர்நிலைப் பள்ளியில் படித்த என் மகள் வாசித்துச் சொன்னாள். கடை தாக்குப்பிடித்ததற்குக் காரணம் உரிமையாளரின் தொலைநோக்கு. ஒத்துழைத்த உரிமையாளருக்கு நன்றி. ஒரு படத்தில் இரண்டு கடைக்கும் இரண்டு கட்டங்கள், நடுவே புள்ளிக்கோடு. "இந்தப் புள்ளிதான்ப்பா நீங்க" என்றாள். முதலாளி அந்த அறிக்கையைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், வாடிக்கையாளர் பார்வையில் படும்படி நிறுத்திவைத்தார். எழுதிய மூவரும் அதன்பின் அரைக் கிலோ பருப்பு வாங்கக்கூட அந்தக் கடைக்கு வரவில்லை.

கொடுத்த மூட்டை மூன்றும் மூன்றே நாளில் வந்துவிட்டது. முதலாளி போய்ச் சேர்ந்தார், அவர் மகன் கடையை விற்றான். எனக்கு வரவேண்டிய நூற்று எழுபத்து நான்கு வெள்ளி இன்னும் பாக்கி.