சங்குக் கிண்ணம் நுரைத்த நாள்

திருடி என்று சொல்லட்டும். சொல்லிவிட்டு ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும். கோயில் கிண்ணத்தை விற்றவள் மறுநாள் விடிந்ததும் அதே கோயிலைப் பெருக்க வருவாளா? கங்கம்மாள் வந்தாள். அது போதாதா?

சசிகலாவுக்குப் போதவில்லை. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு ஆரம்பித்தாள்.

"பெரிய வியாழன் அன்னிக்கு என் கண்ணால பாத்தேன். மயில் கழுத்தாட்டம் மின்னுற கிண்ணம், சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கீது. பிளாஸ்டிக்கு. அவ பொண்ணு கழுத்துல புதுச் சங்கிலி எங்கேர்ந்து வந்துச்சாம்?"

மகள் ஷாரோன் ஒரு வருஷம் ஓ.டி. என்று கூடுதல் நேரம் வேலை பார்த்து வாங்கிய சங்கிலி அது. அதை யார் கேட்டார்கள்?

கிண்ணம் லேசுப்பட்டதில்லை. எங்கோ கீழைக் கடலில் கிடைக்கிற பெரிய சங்கு ஓடு. வெள்ளித் தண்டு, வெள்ளி விளிம்பு. அந்தக் காலத்து வெள்ளைக்கார டாக்டரம்மா சபைக்குக் கொடுத்தது. பெரிய வியாழன் திருவிருந்துக்கு மட்டும் வெளியே வரும். அதை வைக்கிற கோயில் பீரோவின் சாவி கங்கம்மாளின் புருஷனிடம் இருந்தது. அவன் செத்த பிறகு பதினோரு வருஷமாக அவளிடம். தன் கல்யாணப் புடவையைக்கூட அவள் அத்தனை பத்திரமாக மடித்ததில்லை.

இந்த வருஷம் வெள்ளி கறுத்துப் போயிருந்தது. அவளுக்கு வேலை ஒரகடத்தில் ஒரு கார் சாமான் கம்பெனியில். அழுக்கேறிய இரும்பை ஆசிட் தொட்டியில் முக்கினால் கண்ணாடி மாதிரி வெளியே வரும். தினமும் அதைப் பார்க்கிறவளுக்கு வேறென்ன தோன்றும்? தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து, கம்பெனி கேட்டில் சொல்லாமல் கொண்டுவந்துவிட்டாள். பெரிய வியாழனுக்கு முந்தின நாள் கிண்ணத்தை அப்படியே முக்கினாள். வெள்ளி பளிச்சென்றது. ஓடு சீறி நுரைத்தது. பதறி எடுத்துக் கழுவுவதற்குள் மயில் நிறம் தண்ணீரோடு போய்விட்டது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் கம்பெனிப் பொருளை வெளியே கொண்டுவந்தால் வேலை போகும். ஆவணியில் ஷாரோனுக்குக் கல்யாணம். சபைச் செயலாளர் தாவீதுதான் கம்பெனியில் அவளுக்குச் சூப்பர்வைசர். வேலை வாங்கிக் கொடுத்தவனும் அவனே. வாயை மூடிக்கொண்டாள். அது தப்பு. அந்தத் தப்பு மட்டும்தான் அவள் செய்தது என்று யார் முன்னாலும் சொல்லலாம்.

அடுத்த வாரம் ஞாயிறு ஆராதனை முடிந்து சபை கூடியது. அன்றைக்கு ஓ.டி.க்குப் போகவேண்டிய கங்கம்மாள், கழுத்தில் கம்பெனி ஐடி கார்டோடு நின்றாள். கிண்ணம் மேஜை மேல் இருந்தது.

"ஐயா, ஒரு எலுமிச்சம்பழம் வேணும்," என்றாள் பாதிரியாரிடம்.

"ஊறுகா போடப் போறியா?" என்றாள் சசிகலா. நாலு பேர் சிரித்தார்கள்.

பழம் வந்தது. ஓட்டின் ஓரத்தில் ஒரு சொட்டுப் பிழிந்தாள். சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பின.

"பிளாஸ்டிக்கு நுரைக்குமா? இது அதே ஓடு. நான் விக்கல."

சிரிப்பு நின்றது. தாவீது குனிந்து பார்த்தான். "நுரைக்கும்னு உனக்கு எப்படிக்கா தெரியும்?"

பாதிரியார் நல்ல மனுஷன். "எலுமிச்சம்பழம் போட்டு வெளக்கியிருப்பே, இல்லியாம்மா?" என்று தப்பிக்க வழி காட்டினார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"இல்லீங்கய்யா. கம்பெனி ஆசிட்டு. பாட்டில்ல புடிச்சி எடுத்தாந்தேன்."

தாவீது கிட்டே வந்து தணிந்த குரலில் சொன்னான். "அக்கா, இத நான் கேக்கலன்னு வெச்சிக்கலாம்."

"நீ கேக்கலன்னா இவங்க எப்படிடா நம்புவாங்க?"

"அப்ப கம்பெனி சாமான எடுத்தது மட்டும் திருட்டு இல்லியா?" என்றாள் சசிகலா.

"திருட்டுதான். அதுக்குத் திருடின்னு சொல்லு, வாங்கிக்கறேன். கிண்ணத்துக்குச் சொல்லாத."

ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. கங்கம்மாள் கழுத்திலிருந்து கார்டைக் கழற்றித் தாவீதின் கையில் வைத்தாள். பீரோ சாவியைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். எலுமிச்சைச் சாறு பட்ட ஓரத்தை முந்தானையால் துடைத்தாள். பதினோரு வருஷப் பழக்கம். பிறகு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் நின்ற பக்கம் திரும்பாமல் நடந்தாள்.