எர்த் வயரும் ரப்பர் செருப்பும்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஒன்றைக்கூட அடுத்தவர் சோற்றுக்கு அனுப்பியதில்லை. கையெழுத்துப் போடத் தெரியும், அதற்கு மேல் எழுத வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். சொல்வது அவளுடைய அம்மாவைப் பற்றி, என் நான்காவது மகளைப் பற்றி.

இரண்டாயிரம் பிறந்து சில வருடம் இருக்கும். கொழும்பில் வேலைக்கிருந்தவள் கைக்குழந்தையோடும் ஒரு பழைய லெப்டொப்போடும் நமுனுகுலப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பி வந்தாள். தபேலா, வயலின், புல்லாங்குழல் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தன. விரலால் தட்டினால் வாசிக்கும். அந்த வருடம் அம்மன் திருவிழாவுக்குக் கோயில் கமிட்டித் தலைவர் அவளையே வாசிக்கச் சொன்னார். எங்கள் தோட்டத்தில் எந்தப் பெண்பிள்ளைக்கும் அந்த இடம் கிடைத்ததில்லை. நான் நிமிர்ந்துதான் நடந்தேன்.

திருவிழாவின் முதல் நாள் சாயங்காலம் லெப்டொப்பை ஸ்பீக்கரோடு பூட்டியதும் 'ங்ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கிளம்பியது. முன்னால் உட்கார்ந்திருந்த கொழுந்தெடுக்கிற பெண்கள் முந்தானையைத் தலையில் போர்த்திக்கொண்டு ஓடினார்கள். மலையில் குளவி கலைந்தால் அதே சத்தம்தான் வரும். விஷயம் தெரிந்ததும் ஒரே சிரிப்பு.

"ஏ புள்ள, வாசிக்கச் சொன்னா குளவிக்கூட்டையா கொண்டாந்த?"

மகள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வயரை மாற்றினாள், சோடனை பல்புகளை அணைத்தாள், ஒன்றும் நடக்கவில்லை. சார்ஜரைப் பிடுங்கினாள், இரைச்சல் கப்பென்று நின்றது. ஆனால் அந்தப் பழைய பெட்டரி ஒரு பாட்டுக்குக்கூடத் தாங்காது. சொருகினால் திரும்பவும் இரைச்சல். இதற்கென்று பதுளையில் ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள், நாளைக்கு வாங்கி நடுவில் பூட்டினால் சரியாகிவிடும் என்றாள்.

தலைவருக்கு அதுவரை பொறுமை இல்லை. ஆம்ப்ளிபயர் ப்ளக்கைக் கழற்றி, எர்த் வயரை வெட்டிவிட்டார். இரைச்சல் நின்றது. சனம் கை தட்டியது.

"அது ஆளு உசுரக் காக்குற வயருங்க மாமா. ஆம்ப்ளிபயர் உள்ளுக்குக் கரண்ட் கசிஞ்சா, இனி மைக்கத் தொட்டாலே அடிக்கும்," என்றாள் மகள்.

"சத்தம் நின்னுச்சுல்ல? வாசி."

மழை தூறி, மேடையாகப் போட்டிருந்த மண் திட்டு ஈரமாகக் கிடந்தது. அவள் போய்த் தன் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். பாடவிருந்த தலைவரின் தம்பியிடம், "சின்ன மாமா, நீங்களும் போட்டுக்குங்க," என்றாள்.

தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது. "அம்மன் வாசல்ல செருப்பா? கழட்டு. இல்லாட்டி எறங்கு!"

அவள் இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள். தம்பி வெறுங்காலோடு மைக்கைப் பிடித்தார். பாட்டு வரவில்லை. உடம்பு உதறியது, கை மட்டும் மைக்கை விடவில்லை. அருள் வந்துவிட்டது என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டது. நானும் கும்பிட்டேன். என் மகள்தான் ஓடிப்போய் ப்ளக்கைப் பிடுங்கினாள். அதற்குள் அந்த மனுசன் முடிந்துவிட்டார்.

அடக்கம் முடிந்து வந்த அன்றைக்கே பேச்சு மாறியது. "செருப்புக் காலோட நின்னா, அம்மன் பலி எடுத்துட்டா," என்றார் தலைவர். வெட்டின வயரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்க அவள் போனால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனார்கள். இப்போது எழுதுகிற இவளை, அந்தக் கைக்குழந்தையை, என் கையில் கொடுத்துவிட்டு அவள் கொழும்புக்கே போனாள். அதன் பிறகு வாசிக்கவே இல்லை. இந்த லயத்து வீட்டுப் படியையும் மிதிக்கவில்லை. பிள்ளையைப் பார்க்க வேண்டுமென்றால் பதுளை ஸ்டேஷனுக்கு வரச் சொல்வாள்.

இன்றைக்கும் இவளைச் 'செருப்புக்காரி மக' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

எழுதிட்டியா கண்ணு? எங்க, வாசிச்சுக் காட்டு. வயர வெட்டினது யாருங்கிற எடத்துல கொரலக் கொறைக்காத. செவுரு மெல்லிசுதான், அடுத்த காம்பராக்காரங்களுக்கும் கேக்கட்டும்.